பழைய ரோடு சைக்கிளுக்கு மாற்று ஷிஃப்டர்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி இது: 1983 வாக்கில் ஜப்பானில் செய்த எஃகு ரோடு சைக்கிள். முன்னால் 2, பின்னால் 6 பல்சக்கரம். கியர் லீவர் இரண்டும் டவுன் டியூபில், அதாவது ஹேண்டில் பக்கமிருந்து பெடல் அச்சை நோக்கிச் சாய்ந்து இறங்கும் குழாயில், பட்டை போட்டு இறுக்கியிருக்கின்றன. மேடேறும்போது வலது லீவர் தானாக முன்னே நழுவி, செயின் சின்னப் பல்சக்கரத்தில் போய் விழுகிறது. லீவரை மாற்றுவதென்றால் எதை வாங்குவது? பிரேக் லீவரோடு சேர்ந்தே வரும் எஸ்டிஐ போட முடியுமா?

இந்தச் சைக்கிளுக்கு, ராட்செட் (ஒரு திசையில் மட்டும் தடுக்கும் பல் அமைப்பு) வைத்து, கிளிக் இல்லாமல் உராய்வால் நிற்கும் ஃப்ரிக்‌ஷன் லீவர் போதும். எஸ்டிஐயும் போடலாம். ஆனால் அது ஷிஃப்டரோடு முடிகிற வேலை இல்லை, பின்சக்கரம், டெரெய்லர் (செயினைப் பல்சக்கரத்துக்குப் பல்சக்கரம் நகர்த்தும் பாகம்), சில சமயம் பிரேக் என்று நீண்டுகொண்டே போகும். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். அதற்கு முன், இப்போதுள்ள லீவர் உண்மையில் கெட்டுவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். நழுவுகிற லீவர்களில் பல அழுக்கேறியவைதான், கெட்டவை அல்ல.

ஃப்ரிக்‌ஷன் லீவருக்குள் பெரிய இயந்திரம் எதுவும் கிடையாது. டெரெய்லரின் ஸ்பிரிங் எந்நேரமும் கேபிளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். லீவரின் இரு புறமும் உள்ள வாஷர்களின் உராய்வுதான் அதை எதிர்த்து லீவரை நிறுத்தி வைக்கிறது. அந்த உராய்வு குறைந்தால் லீவர் முன்னே போகும், கேபிள் தளரும், செயின் சிறிய பல்சக்கரத்துக்கு (இனி சுருக்கமாகப் பல்) இறங்கும். எழுந்து நின்று மிதிக்கும்போது ஃபிரேம் சற்று வளைவதால் கேபிள் இன்னும் கொஞ்சம் இழுபடும். மேட்டில் மட்டும் நழுவுவது இதனால்தான்.

செயினைச் சின்னப் பல்லில் விட்டு, டெரெய்லர் பக்கம் கேபிள் போல்ட்டைத் தளர்த்துங்கள். லீவரின் நடுவே ஆங்கில டி எழுத்து வடிவில் ஒரு சிறு வளையம், அல்லது காசு நுழைகிற வெட்டு உள்ள திருகு இருக்கும். அதைக் கழற்றி, வாஷர்களை வருகிற வரிசையிலேயே ஒரு துணியில் அடுக்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்த வாஷர் எது, தட்டையானது எது, சதுர ஓட்டை உள்ளது எது என்பது பிறகு நினைவில் நிற்காது. உலோக வாஷர்களை மண்ணெண்ணெயில் கழுவி, கடைசியாக ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். நார் அல்லது பிளாஸ்டிக் வாஷர் கண்ணாடிபோல் பளபளத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளில் நாலு தேய்ப்பு போதும். திரும்ப மாட்டும்போது உராயும் முகங்களில் எண்ணெய் கூடாது. நன்றாக ஓடட்டும் என்று யாரோ எப்போதோ விட்ட இரண்டு சொட்டு எண்ணெய்தான் பல லீவர்களின் நோய். திருகை இறுக்கிப் பாருங்கள்: விரலால் தள்ளினால் நகர வேண்டும், விட்டால் நிற்க வேண்டும். அந்த நிலை கிடைத்துவிட்டால் கடைக்குப் போக வேண்டியதில்லை. திருகை முழுக்க முறுக்கியும் நழுவினாலோ, திருகின் மரை தேய்ந்திருந்தாலோ, லீவரின் அடியில் விரிசல் இருந்தாலோ மாற்றலாம். 1970களின் பிரெஞ்சு சைக்கிள்களில் வந்த சிம்ப்ளெக்ஸ் டெல்ரின் பிளாஸ்டிக் பாகங்களில் இந்த விரிசல் சகஜம். அவற்றை ஒட்டிப் பயனில்லை.

மாற்றுவதென்று முடிவானால், கையில் வெர்னியர் காலிபரோடு ஃபிரேமைப் பாருங்கள். லீவர் குழாயில் எப்படி உட்கார்ந்திருக்கிறது? பட்டை என்றால் குழாயின் வெளிவிட்டம் வேண்டும். அந்தக் கால எஃகு ஃபிரேம்களில் பெரும்பாலும் 28.6 மி.மீ., பழைய பிரெஞ்சு ஃபிரேம்களில் 28 மி.மீ. இந்த 0.6 மி.மீ. சின்ன வித்தியாசமாகத் தெரியும், ஆனால் 28.6 பட்டை 28 குழாயில் எவ்வளவு இறுக்கினாலும் மெதுவாகக் கீழே வழியும், வழிகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் கேபிளைத் தளர்த்தும். குளிர்பானக் கேனின் அலுமினியத் தகட்டை வெட்டி, முழுச் சுற்றாக மூன்று மடிப்பு உள்ளே வைத்தால் சரியாகும். டியூப் ரப்பர் வைக்காதீர்கள், அது நசுங்கி நசுங்கி லீவரை ஆட்டும். பல ஃபிரேம்களில் பட்டைக்குக் கீழே குழாயில் ஒரு சிறு உலோக மொட்டு இருக்கும். பட்டை இறங்காமல் தடுப்பதற்கே அது. புதுப் பட்டையும் அதன்மேல் தட்டி நிற்கும்படி வையுங்கள்.

பட்டைக்குப் பதில் குழாயின் இரு பக்கமும் பற்றவைத்த குமிழ் இருந்தால் வேலை சுலபம். குமிழின் அடியில் சதுர மேடு, நடுவில் எம்5 மரை. லீவரோடு வரும் சதுர ஓட்டைத் தகடு அந்த மேட்டில் உட்கார்ந்து சுழலாமல் நிற்கும். கம்பக்னோலோ வகுத்த இந்த வடிவத்தையே பின்னாளில் ஷிமானோவும் எடுத்துக்கொண்டதால், இன்று கிடைக்கும் டவுன் டியூப் லீவர்கள் பெரும்பாலும் இதில் அமரும். பெயின்ட் ஏறியிருந்தால் சதுர முனைகளைச் சுரண்டிவிட்டு, மரையில் எம்5 டேப்பை ஒருமுறை ஓட்டிவிடுங்கள். சிம்ப்ளெக்ஸ், யூரே குமிழ்கள் சிலவற்றின் வடிவம் வேறு. அவற்றில் அதே கம்பெனி லீவரைத் தேடுவதுதான் உத்தமம்.

இனி எந்த லீவர். புதிதாகவே வாங்குவதானால் மலிவில் சன்ரேஸ், நல்லதில் ஜப்பானின் டயா-காம்ப் ஈஎன்ஈ. ஈஎன்ஈயில் குமிழுக்கானது, பட்டையோடு வருவது என்று இரண்டும் உண்டு. உள்ளே ராட்செட் இருக்கிறது. மெல்லிய பற்கள் ஒரு திசையில் மட்டும் தடுக்கும். வெறும் உராய்வு லீவரில் திருகை நழுவாத அளவுக்கு இறுக்கினால், பெரிய பல்லுக்கு ஏற்றும்போது டெரெய்லர் ஸ்பிரிங்கின் இழுப்பு, வாஷரின் உராய்வு இரண்டையும் விரல் தாண்ட வேண்டும். ராட்செட்டில் பின்னே இழுக்கும்போது உராய்வு குறுக்கே வராது, ஸ்பிரிங்கின் எதிர்ப்பு மட்டும்தான். முன்னே விடும்போதுதான் உராய்வு வேலை செய்யும். ஒரு மணி நேரம் ஓட்டினாலே விரலுக்கு வித்தியாசம் தெரியும். 1970களில் இந்த ஏற்பாட்டைச் சன்டூர் தன் பவர் ஷிஃப்டர்களில் பரவலாக்கியது. பழைய சந்தையில் அவை இன்றும் கிடைக்கின்றன. விலைக்கும் உழைப்புக்கும் பார்த்தால் உங்கள் சைக்கிளுக்கு அதைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. சிம்ப்ளெக்ஸின் ரெட்ரோஃப்ரிக்‌ஷன் அதே வேலையைச் சுருள் ஸ்பிரிங் கிளட்ச்சால், சத்தமே இல்லாமல் செய்யும். தொட்டுப் பார்த்தவர்கள் அதற்காகவே தேடுவார்கள், விலையும் அதற்கேற்ப ஏறும். அதைப் பிரிக்காமல் விடுவது நல்லது. கம்பக்னோலோ நுவோவோ ரெக்கார்ட் லீவர் அழகானது, ஆனால் உள்ளே வெறும் வாஷர்தான். அழகுக்கு வாங்கலாம், நழுவல் தீரும் என்று வாங்க வேண்டாம்.

பழைய சாமான் வாங்கும்போது லீவரை மெல்லப் பின்னே இழுத்துக் காதில் வைத்துக் கேளுங்கள். ராட்செட்டின் சிறு கிறுகிறுப்பு சீராக வர வேண்டும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் விட்டுப்போனால் அங்கே பல் போயிருக்கிறது. அடித்தகட்டின் சதுர ஓட்டை உருண்டை ஆகியிருக்கிறதா, வாஷர் எல்லாம் இருக்கிறதா, பட்டை கூட வருகிறதா என்பதையும் பாருங்கள். லீவர் வாங்கிவிட்டு வாஷருக்கு அலைவது பெரும்பாடு.

கிளிக் கிளிக்கென்று தானே நிற்கும் இண்டெக்ஸ் லீவர் வேண்டுமென்றால் கணக்குப் பார்க்க வேண்டும். இண்டெக்ஸில் லீவர், டெரெய்லர், பல்சக்கர இடைவெளி மூன்றும் ஒரே கணக்கில் பேச வேண்டும். லீவர் ஒரு கிளிக்குக்கு இழுக்கும் கேபிள் நீளத்தை டெரெய்லர் ஒரு குறிப்பிட்ட மடங்காகப் பெருக்கி நகரும். 11 கியர் ரோடு காலத்துக்கு முந்தைய ஷிமானோ ரோடு டெரெய்லர்களில் அது சுமார் 1.7 மடங்கு. 8 கியர் லீவர் ஒரு கிளிக்குக்கு ஏறக்குறைய 2.8 மி.மீ. இழுக்கும், டெரெய்லர் 4.8 மி.மீ. நகரும், 8 கியர் கேசட்டின் (ஹப்பின் மேல் செருகும் பல்சக்கரத் தொகுப்பு) இடைவெளியும் அதேதான். உங்கள் 6 கியர் ஃப்ரீவீலில் (ஹப் மரையில் திருகும் பழைய வகைத் தொகுப்பு) பல்சக்கரங்களுக்கு நடுவே சுமார் 5.5 மி.மீ. அதில் 8 கியர் லீவரைப் பூட்டினால் ஒவ்வொரு கிளிக்குக்கும் 0.7 மி.மீ. குறையும், ஐந்து கிளிக்கில் 3.5 மி.மீ. ஒரு முனையில் சரிசெய்தால் மறுமுனையில் செயின் இரண்டு பல்லுக்கு நடுவில் நின்று கரகரக்கும். டெரெய்லரின் கேபிள் திருகைத் திருகித் திருகி ஒரு மாலை முழுக்கக் கழியும், கோளாறு திருகில் இல்லை.

7 கியருக்குக் கணக்கு மாறுகிறது. இடைவெளி 5 மி.மீ., 8 கியர் லீவரோடு ஒப்பிட்டால் கிளிக்குக்கு 0.2 மி.மீ. மட்டுமே வித்தியாசம். நடுப் பல்லில் வைத்துச் சரிசெய்தால் இரு முனையிலும் ஏறக்குறைய 0.6 மி.மீ. விலகல். செயினும் டெரெய்லரின் மேல் உருளையும் பக்கவாட்டில் இவ்வளவு ஆட்டத்தை ஏற்றுக்கொள்ளும். ஆக, இண்டெக்ஸ் வேண்டுமென்றால் உங்கள் சைக்கிளுக்குச் சிக்கனமான வழி இது: 6 ஃப்ரீவீலைக் கழற்றி 14-28 பல் 7 கியர் ஷிமானோ ஃப்ரீவீல், ஷிமானோவின் 7, 8 அல்லது 9 கியர் காலத்துப் பின் டெரெய்லர், அதோடு ஷிமானோ எஸ்எல்-ஆர்400 டவுன் டியூப் லீவர். அது 8 கியருக்கானது, ஒரு கிளிக் மிஞ்சும், டெரெய்லரின் எல்லைத் திருகு (அது எதுவரை நகரலாம் என்று தடுப்பது) அதை அடக்கிக்கொள்ளும். அதில் இன்னொரு வசதி, வலது லீவரின் வளையத்தைத் திருப்பினால் இண்டெக்ஸ் போய் ஃப்ரிக்‌ஷனாகிவிடும். டெரெய்லர் எங்காவது இடித்து, அது தொங்கும் ஹேங்கர் வளைந்தாலும் வழியில் நிற்காமல் வீடு வந்து சேரலாம். ஆனால் அந்த லீவர் குமிழுக்கு உரியது. உங்களுடையது பட்டை ஃபிரேம் என்பதால் இரு பக்கமும் குமிழ் உள்ள தனிப் பட்டை ஒன்று 28.6 அளவில் கூடவே வாங்க வேண்டியிருக்கும்.

பழைய டெரெய்லரையே வைத்துக்கொண்டு இண்டெக்ஸ் முயல்வது வீண். செயினை ஒரே சீரான தூரத்தில் பல்லோடு ஒட்டி ஏற்றியிறக்கும் சாய்ந்த இணைகர வடிவத்தை 1964இல் சன்டூர் கொண்டுவந்தது. அந்தக் காப்புரிமை 1984இல் முடிந்தது. அதே ஆண்டு ஷிமானோவின் உயர்வரிசைப் பாகத் தொகுதியான டூரா-ஏஸ் 7400இல் எஸ்ஐஎஸ் என்ற பெயரில் 6 கியர் இண்டெக்ஸ் வந்தது. தற்செயலாக இருக்க முடியாது. அந்த 7400 வரிசைக்கு ஒரு பொறி உண்டு. அதன் டெரெய்லரின் இழுவை மடங்கு மற்ற ஷிமானோவோடு சேராது. பழைய டூரா-ஏஸ் 6, 7, 8 கியர் லீவர் மலிவாகக் கிடைத்தாலும் 7400 டெரெய்லர் இல்லாமல் வாங்காதீர்கள். சன்டூர் அக்யூஷிஃப்ட் லீவரும் அப்படித்தான், தன் டெரெய்லரோடும் தன் ஃப்ரீவீலோடும் மட்டுமே பேசும். எதிர்ப்பக்கத்தில், ஷிமானோவின் 11 கியர் ரோடு டெரெய்லர், டியாக்ரா 4700, 10 கியரும் அதற்கு மேற்பட்டதுமான மவுண்டன் டெரெய்லர் ஆகியவற்றின் மடங்கு வேறு. புதிதாக இருக்கிறதே என்று இவற்றை 8 கியர் லீவரோடு கோக்கக் கூடாது.

ஃப்ரீவீல் மாற்றுமுன் ஹப் மரையைக் கவனியுங்கள். ஜப்பானிய ஹப்பில் பிரச்சினை வராது. பழைய பிரெஞ்சு ஹப் என்றால் மரை விட்டம் 34.7 மி.மீ., இன்றைய ஃப்ரீவீலுக்கு ஏறக்குறைய 34.9. இரண்டு சுற்று கையால் போய், பிறகு முரண்டும். அங்கே பலம் காட்டினால் ஹப் போய்விடும்.

கையை ஹேண்டிலிலிருந்து எடுக்கப் பிடிக்காதவர்களுக்கு எஸ்டிஐயைவிடப் பார்-எண்ட் லீவர் நல்ல நடுவழி. ஹேண்டில்பாரின் இரு முனைத் துளைக்குள் செருகும் லீவர் இது. பழைய பிரேக் லீவர், பிரேக் எதையும் தொட வேண்டியதில்லை. டயா-காம்ப்பில் ராட்செட் வகை, மைக்ரோஷிஃப்ட்டிலும் ஷிமானோவிலும் இண்டெக்ஸ் வகை. ஷிமானோவின் 8, 9 கியர் பார்-எண்டுகளில் ஃப்ரிக்‌ஷனுக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. மாட்டும்போது எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று: ஷிமானோ பார்-எண்டின் உள்ளே விரிந்து பிடிக்கும் போல்ட் இடது மரை. 6 மி.மீ. ஆலன் கீயை இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். வழக்கம்போல் வலப்பக்கம் முறுக்கிக்கொண்டே இருந்தால் கழன்று கையில் வரும். வாங்குமுன் பாரின் உள்விட்டத்தையும் அளந்துவிடுங்கள். கனத்த எஃகு பார் சிலவற்றில் செருகி நுழையாது.

லீவர் டவுன் டியூபை விட்டு மேலே போனால், அது இருந்த இடத்தில் கேபிள் உறை வந்து முட்டி நிற்க ஒரு ஸ்டாப் வேண்டும். குமிழ் உள்ள ஃபிரேமுக்குத் திருகுவது, இல்லாததற்குப் பட்டையில் வருவது என இரண்டு உண்டு. நுண்ணிய சரிசெய்யும் திருகு சேர்ந்ததாக வாங்குங்கள். ஸ்டெம்மில் (ஹேண்டிலைத் தாங்கும் கழுத்தில்) மாட்டும் லீவரைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். 1970களில் அமெரிக்காவில் விற்ற சைக்கிள்களில் அது நிறைய வந்தது. திடீரென நின்றால் உடம்பு போய் மோதுவது அந்த லீவரில்தான். தவிர்க்கலாம்.

இப்போது எஸ்டிஐ. ஷிமானோ 1990இல் 8 கியரோடு கொண்டுவந்தது. இன்று மலிவானது கிளாரிஸ் 8 கியர். அதற்கும் மலிவாக டூர்னி ஏ070, 2×7. உங்கள் ஃபிரேமின் பின் அச்சு அகலத்தை டிராப்அவுட்டுகளின் (சக்கர அச்சு அமரும் பிளவுத் தகடுகளின்) உள்முகத்துக்கு இடையில் அளந்தால் 126 மி.மீ. இருக்கும். 5 கியர் சைக்கிள் என்றால் 120. கிளாரிஸுக்கு 8 கியர் கேசட் வேண்டும், கேசட்டுக்கு 130 மி.மீ. ஹப் சக்கரம் வேண்டும். எஃகு ஃபிரேமில் பக்கத்துக்கு 2 மி.மீ. விரித்து வைக்கலாம். விரித்தபின் தலைக்குழாயிலிருந்து இரு டிராப்அவுட்டுக்கும் நூல் கட்டி, சீட் குழாயிலிருந்து நூலுக்குள்ள தூரம் இருபுறமும் ஒன்றா என்று பார்த்து, டிராப்அவுட்டுகளை இணையாக நிமிர்த்த வேண்டும். வீட்டில் மரக்கட்டை வைத்து நெம்பியவர்களின் ஃபிரேமில் ஒரு பக்கம் மட்டும் 4 மி.மீ. போயிருக்கும். வைட்டஸ் 979, ஆலன் போன்ற ஒட்டிய அலுமினிய ஃபிரேம்களில் இதைச் செய்யவே கூடாது, ஒட்டு விட்டுப்போகும்.

ஏ070 போட்டால் 7 கியர் ஃப்ரீவீலோடு 126லேயே இருக்கலாம், விரிக்க வேண்டாம். ஆனாலும் டெரெய்லர் மாற வேண்டும், கேபிள் ஸ்டாப் வேண்டும், பார் டேப் முழுக்கப் புதிதாகச் சுற்ற வேண்டும். பிரேக்கும் மாறுகிறது. புதிய எஸ்டிஐ லீவர்கள் பல, பழைய லீவர்களைவிடக் கேபிளை அதிகம் இழுப்பதால், பழைய ஒற்றை மையப் பிரேக் காலிபரில் (ரிம்மைக் கவ்வும் பாகத்தில்) அதே அளவு பிடிப்புக்குக் கையை அதிகம் அழுத்த வேண்டும். காலிபரையும் மாற்றலாமென்றால், பழைய ஃபிரேமில் பிரேக் போல்ட்டிலிருந்து பிரேக் கட்டை வரை தூரம் அதிகம், இன்றைய சாதாரணக் காலிபர் ரிம்மை எட்டாது. ஆழமான பழைய வளைவு ஹேண்டிலில் எஸ்டிஐயை எங்கே வைத்தாலும் கை அசௌகரியமாகவே இருக்கும், எனவே ஹேண்டிலும் மாறும், அதற்கேற்ப ஸ்டெம்மும். செலவைக் கூட்டிப் பார்த்தால் பல சமயம் பாதிப் புது சைக்கிள் விலை வரும். தினமும் நெரிசலில் ஓட்டுபவருக்கு அது தகும். வார இறுதியில் ஓட்டுபவருக்குத் தகாது என்பது என் கணிப்பு.

கேபிள் விஷயத்தில் கஞ்சம் பிடிக்காதீர்கள். பின் டெரெய்லருக்குப் போகும் அந்த ஒரு சாண் உறை பழையதாக இருந்தால் புது லீவரும் பழையதுபோலவே நடக்கும். ஃப்ரிக்‌ஷனுக்குச் சுருள்கம்பி உறை பரவாயில்லை. இண்டெக்ஸுக்கு நீளவாக்கில் கம்பி ஓடும் கியர் உறைதான் வேண்டும், சுருள் உறை அழுந்திச் சுருங்கி கிளிக்கைத் தின்றுவிடும். அந்தக் கியர் உறையை எக்காரணத்துக்கும் பிரேக்குக்குப் போடாதீர்கள், அழுத்தத்தில் பிளந்துவிடும். உள்கம்பி முனையில் உள்ள உலோகத் தலையையும் பாருங்கள். ஷிமானோ கேபிள் தலை கம்பக்னோலோ தலையைவிடச் சற்றுப் பெரியது. பழைய ஐரோப்பிய லீவரின் குழியில் அதைத் திணித்தால் போகும், ஆனால் திரும்ப வராது. அடுத்த முறை கம்பி அறுந்தால் தலை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். முன்பே அரத்தால் சுற்றிலும் தேய்த்து, தானாக விழும் அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.

பொருத்தும் முறை எல்லா டவுன் டியூப் லீவருக்கும் ஒன்றுதான். லீவரை முழுக்க முன்னே தள்ளி, செயினைச் சின்னப் பல்லில் வையுங்கள். கேபிள் இல்லாமலேயே எல்லைத் திருகுகளைச் சரிசெய்துவிடுங்கள். டெரெய்லரைக் கையால் உள்ளே தள்ளினால் செயின் பெரிய பல்லில் ஏற வேண்டும், ஸ்போக்குப் பக்கம் தாண்டக் கூடாது. பிறகு கம்பியைத் தொய்வில்லாமல் பிடித்து போல்ட்டை இறுக்கி, டெரெய்லருக்கும் லீவருக்கும் நடுவே வெளியில் தெரியும் கம்பியைக் கையால் நன்றாக இழுத்து விடுங்கள். உறைகளும் முனைக்குப்பிகளும் தங்கள் இடத்தில் அமர்ந்து கொஞ்சம் தளரும். போல்ட்டைத் தளர்த்தி அந்தத் தொய்வை எடுத்து மறுபடி இறுக்குங்கள். இதைச் செய்யாமல் விட்டால் முதல் நாளே கியர் மாறிவிட்டதென்று லீவர்மேல் பழி விழும்.

ஃப்ரிக்‌ஷனுக்குப் புதிதானால், பெரிய பல்லுக்கு ஏற்றும்போது லீவரைத் தேவைக்கு ஒரு துளி அதிகம் இழுத்து, செயின் ஏறியதும் சத்தம் அடங்கும் வரை மெல்ல முன்னே விடுங்கள். மாற்றும் அந்த அரைச் சுற்றில் காலை அழுத்தாமல் சுழற்றினால் போதும். ஃப்ரீவீலும் தேய்ந்திருந்தால் சாய்வு வெட்டிய பற்கள் உள்ள புது ஃப்ரீவீலும் 8 கியர் செயினும் போடுங்கள். அந்தச் செயின் 5 முதல் 8 கியர் வரை எல்லாவற்றிலும் ஓடும், பழைய தட்டைப் பல்லைவிட இதில் ஏற்றம் சுலபமாக நடக்கும்.

கடைசிச் சோதனையை மேட்டில் செய்யுங்கள். பின்னால் இரண்டாவது பெரிய பல்லில் வைத்து, எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள். லீவர் நகர்ந்தால் நடுத்திருகை கால் சுற்று இறுக்கி மறுபடி ஏறுங்கள். லீவர் அசையாமல் இருந்தும் செயின் இறங்கினால் கோளாறு லீவரில் இல்லை. பட்டை குழாயில் வழிகிறதா, ஹேங்கர் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்.